எந்த விரல் மரத்துப்போகிறது? கை நரம்புப் பிரச்சினையைத் தொட்டுப் பார்த்துக் கண்டுபிடிப்பது எப்படி

"கை மதமதன்னு இருக்கு சார்" என்று வருகிறவர்களில் பலர் ஒரு பெரிய கவரையும் சேர்த்துக் கொண்டுவருகிறார்கள். உள்ளே கழுத்து எம்.ஆர்.ஐ. இருக்கும். ரிப்போர்ட்டில் சி5-சி6 டிஸ்க் பிதுங்கியிருக்கிறது என்று ஒரு வரி. அந்த ஒரு வரியை நம்பி மூன்று மாதமாகக் கழுத்துக்குப் பட்டை, கழுத்துக்கு டிராக்‌ஷன், கழுத்துக்குத் தைலம். கையை யாராவது தொட்டுப் பார்த்தார்களா என்று கேட்டால், "இல்லைங்க, ஸ்கேன்லயே தெரிஞ்சிருச்சுன்னு சொன்னாங்க" என்பார்கள்.

ஸ்கேனில் எல்லாம் தெரிந்துவிடாது. ஜப்பானில் கழுத்தில் எந்தத் தொந்தரவும் இல்லாத 1,211 பேருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தார்கள், 2015இல் வெளியான ஆய்வு அது. அவர்களில் 87.6 சதவீதம் பேருக்கு டிஸ்க் பிதுக்கம் இருந்தது. அதாவது தெருவில் போகிற யாரைப் பிடித்துப் படம் எடுத்தாலும் ஏதாவது ஒன்று பிதுங்கித்தான் இருக்கும். கையைச் சோதித்தபோது கிடைத்ததும் படத்தில் தெரிவதும் ஒரே இடத்தைக் காட்டினால்தான் அந்தப் படத்துக்கு மதிப்பு.

பிசியோ படிக்கிறவர்கள், ஹவுஸ் சர்ஜன்கள், ஓ.பி.யில் ஐந்து நிமிடத்தில் ஒரு கையைப் பார்த்து முடிக்க வேண்டியவர்கள், இவர்களை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். கை மரத்துப்போகிற யாரும் படிக்கலாம், வீட்டில் செய்தும் பார்க்கலாம். ஆனால் பார்த்துவிட்டு நீங்களே முடிவு கட்டிவிடாதீர்கள், கண்டதை டாக்டரிடம் சொல்லுங்கள்.

ஒரு சொல் தகராறை முதலிலேயே தீர்த்துவிடுவோம். தமிழில் நாம் எல்லாவற்றையும் நரம்பு என்று சொல்லிவிடுகிறோம். புறங்கையில் பச்சையாகப் புடைத்துத் தெரிவதும் நரம்பு, ஊசி போட நர்ஸ் தேடுவதும் நரம்பு, மணிக்கட்டில் கயிறு மாதிரி நிற்கும் தசைநாணும் நரம்பு, சுளுக்கினால் "நரம்பு பிசகிடுச்சு". இங்கே நான் சொல்வது இவை எதுவும் இல்லை. முழங்கையின் உள்பக்கம் கதவில் இடித்தால் சுண்டுவிரல் வரை கரண்ட் அடிக்குமே, அந்த நரம்பு. "நரம்பு வலிக்குது" என்று ஒருவர் சொன்னால் எதைச் சொல்கிறார் என்று விரலால் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள், பாதிக் குழப்பம் அங்கேயே தீரும்.

சோதனை முழுவதற்கும் அடிப்படை ஒன்றுதான். ஒரு தெருவில் கரண்ட் போனால் லைன்மேன் என்ன செய்கிறார்? எந்த வீடு வரை விளக்கு எரிகிறது, எந்த வீட்டிலிருந்து இருட்டு என்று பார்க்கிறார். கோளாறு அந்த இரண்டு வீட்டுக்கும் இடையில். கை நரம்பும் அப்படித்தான். கழுத்துத் தண்டுவடத்திலிருந்து சி5, சி6, சி7, சி8, டி1 என்று ஐந்து வேர்கள் கிளம்பி, கழுத்துக்கும் அக்குளுக்கும் நடுவே ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, பிறகு மீடியன், அல்நார், ரேடியல் முதலான தனித்தனி நரம்புகளாகப் பிரிந்து விரல் நுனி வரை போகின்றன. எந்தத் தசை வேலை செய்கிறது, எது செய்யவில்லை, எங்கே உணர்ச்சி இருக்கிறது, எங்கே இல்லை என்று பார்த்தால் கோளாறு எந்த இடத்தில் என்று சொல்லிவிடலாம். செய்கிற ஒவ்வொரு சோதனையும் இரண்டு இடங்களில் ஒன்றைக் கழிக்க உதவ வேண்டும். உதவாவிட்டால் அதைச் செய்து நேரத்தை வீணாக்காதீர்கள்.

முதலில் பேனாவைக் கொடுங்கள்

"எங்கே மரத்துப்போகிறது?" என்று கேட்டால் எல்லோரும் முழுக் கையையும் தடவிக் காட்டுவார்கள். அதனால் நான் ஒரு பால்பாயிண்ட் பேனாவைக் கொடுத்து, அவர்கள் கையிலேயே மரத்துப்போகிற இடத்தைச் சுற்றிக் கோடு போடச் சொல்வேன். முன்பக்கமும் பின்பக்கமும். தெரியவில்லை என்றால், "ராத்திரி மறுபடி வரும்போது எந்த விரல் என்று பார்த்து வைத்துக்கொண்டு நாளைக்கு வாருங்கள்" என்று அனுப்பியதும் உண்டு. அடுத்த நாள் சரியாகச் சொல்வார்கள்.

கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல், மோதிரவிரலில் பாதி என்றால் மீடியன் நரம்பு. சுண்டுவிரலும் மோதிரவிரலின் மறுபாதியும் என்றால் அல்நார். புறங்கையில் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் உள்ள சதைப்பகுதி என்றால் ரேடியல். இரண்டு கையும் கையுறை போட்ட மாதிரி எல்லா விரலும் மரத்திருந்தால், கையை விட்டுவிட்டு முதலில் காலைப் பற்றிக் கேளுங்கள். சர்க்கரை நோயில் பாதம்தான் முதலில் மரக்கும், முழங்கால் பக்கம் ஏறிய பிறகுதான் கைக்கு வரும்.

அப்புறம் எப்போது என்று கேளுங்கள். தூக்கத்தில் எழுப்பி, கையை உதறினால் சரியாகிறது என்றால் மணிக்கட்டில் மீடியன் நரம்பு நசுங்குவதாகத்தான் பெரும்பாலும் இருக்கும், அதாவது கார்ப்பல் டனல். "என்ன செய்தால் சரியாகும்?" என்று மட்டும் கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். வாயால் பதில் சொல்வதற்கு முன்னால் தெர்மாமீட்டரை உதறுவது மாதிரி கையை உதறிக் காட்டுவார்கள் பாருங்கள், அதுவே ஒரு அறிகுறி. போன் பேசும்போது, மடித்த கைமேல் தலைவைத்துத் தூங்கும்போது சுண்டுவிரல் பக்கம் மரக்கிறது என்றால் முழங்கை. கையைத் தூக்கித் தலைமேல் வைத்துக்கொண்டால் வலி குறைகிறது என்றால் கழுத்து, அந்த நிலையில் வேரின் மேல் உள்ள இழுவை தளர்கிறது.

வேலை என்ன என்று கேட்காமல் விடாதீர்கள். டெய்லர் கடையில் கத்தரிக்கோல் பிடிப்பவர், நாள் முழுக்க முறுக்கு பிழிகிறவர், ஜன்னல் விளிம்பில் முழங்கையை ஊன்றியபடி லாரி ஓட்டுகிறவர், இவர்கள் ஒவ்வொருவருக்கும் நரம்பு ஒவ்வோர் இடத்தில் மாட்டும். சர்க்கரை, தைராய்டு, கர்ப்பம், மூட்டுவாதம் நான்கையும் கேட்டுவிடுங்கள். நான்குமே கார்ப்பல் டனலைக் கொண்டுவரும்.

சட்டையைக் கழற்றாமல் பார்க்காதீர்கள்

முழுக்கைச் சட்டையை முழங்கை வரை சுருட்டிவிட்டுப் பார்ப்பது பார்ப்பதே இல்லை. இரண்டு கையும் தோள் வரை தெரிய வேண்டும், தோள்பட்டை எலும்பு பின்பக்கம் இறக்கை மாதிரி தூக்கிக்கொண்டு நிற்கிறதா என்றும் பார்க்க வேண்டும். பெண் நோயாளி என்றால் திரைபோட்டு, ஒரு பெண் ஊழியரைக் கூட வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு கைகளையும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைக்கச் சொல்லுங்கள். உள்ளங்கை மேலே பார்க்கும்போது கட்டைவிரலின் அடிச்சதை ஒரு பக்கம் தட்டையாகியிருந்தால் மீடியன் நெடுநாளாக நசுங்கியிருக்கிறது. கையைத் திருப்பிப் போட்டு, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே சதை உப்பலாக இருக்கிறதா, பள்ளம் விழுந்திருக்கிறதா பாருங்கள். பள்ளம் என்றால் அல்நார், அல்லது டி1. இரண்டு இடமும் வற்றியிருந்தால் ஒரே ஒரு நரம்பின் மேல் பழி போட முடியாது. மேலே போய் சி8, டி1 வேர்களைத் தேட வேண்டும். புகை பிடிக்கிறவராக இருந்து, தோள் வலியும் சேர்ந்து, அதே பக்கக் கண்ணிமை தாழ்ந்து கண்மணி சிறுத்திருந்தால், நுரையீரல் உச்சியில் கட்டி இருக்கலாம். அன்றே நெஞ்சு எக்ஸ்ரேக்கு அனுப்பிவிடுங்கள், கைப்பயிற்சியெல்லாம் பிறகு.

தீக்காயத் தழும்புகளையும் தேடுங்கள். சூடான பாத்திரம் பட்டது தெரியாமலே புண்ணான விரல், நோயாளி சொல்ல மறந்ததைச் சொல்லும்.

பஞ்சும் பல்குத்தும் குச்சியும்

உணர்ச்சி சோதனையைப் போல மோசமாகச் செய்யப்படுகிற சோதனை வேறில்லை. "தெரியுதா? தெரியுதா? தெரியுதா?" என்று தாளம் போட்டால் எல்லோரும் தாளத்துக்குத் தலையாட்டுவார்கள், தொடாவிட்டாலும் ஆட்டுவார்கள். கண்ணை மூடச் சொல்லிவிட்டு, நேரம் மாற்றி மாற்றித் தொட்டு, தொடும்போதெல்லாம் "ம்" சொல்லச் சொல்லுங்கள். நடுநடுவே தொடாமலும் இருங்கள். பஞ்சைத் திரித்து நுனியால் தொட்டால் போதும், இழுக்க வேண்டாம். கூர்மைக்கு பல்குத்தும் குச்சி, ஆளுக்கு ஒன்று, முடிந்ததும் குப்பையில். ஊசி வேண்டாம்.

மரத்த இடத்தின் நடுவில் ஆரம்பித்து வெளியே வாருங்கள், எந்த இடத்தில் "இப்ப குத்துது" என்கிறாரோ அங்கே பேனாவால் புள்ளி. நேரமே இல்லை என்றால் மூன்று இடம் போதும்: ஆள்காட்டி விரல் நுனி மீடியனுக்கு, சுண்டுவிரல் நுனி அல்நாருக்கு, புறங்கையில் அந்த நடுச்சதை ரேடியலுக்கு. இந்த மூன்று இடங்களிலும் பக்கத்து நரம்பு வந்து கலப்பது குறைவு.

எனக்குப் பிடித்தது மோதிரவிரல் சோதனை. அதன் கட்டைவிரல் பக்கத்துப் பாதியையும் சுண்டுவிரல் பக்கத்துப் பாதியையும் தனித்தனியாகத் தொட்டு, "ரெண்டும் ஒரே மாதிரி இருக்கா?" என்று கேளுங்கள். நடுவில் கோடு போட்டுப் பிரித்த மாதிரி ஒரு பாதி மட்டும் மரத்திருந்தால் கோளாறு கையில் ஓடும் நரம்பில், கழுத்தில் இல்லை. ஏனென்றால் கழுத்து வேர் ஒரு விரலை நெடுக்காகப் பாதியாகப் பிளப்பதில்லை. காசு செலவில்லாமல், பத்து விநாடியில், எம்.ஆர்.ஐ. கவரை ஓரமாக வைக்கச் சொல்கிற சோதனை இது.

சின்னப் பிள்ளைகளிடம் இதெல்லாம் நடக்காது. கண்ணாடி குத்தி வெட்டுப்பட்ட கையோடு அழுகிற நாலு வயதுக் குழந்தையிடம் "ம்" சொல்லச் சொல்ல முடியுமா? காயம் ஆறியிருந்தால் வெதுவெதுப்பான தண்ணீரில், அதாவது 40 டிகிரி செல்சியஸ் அளவில், கையை அரை மணி நேரம் ஊற வையுங்கள். நரம்பு உள்ள விரல் சுருங்கும், நரம்பு அறுந்த விரல் வழுவழுவென்றே இருக்கும். பிளாஸ்டிக் பேனாவை விரல்மேல் மெல்ல இழுத்தும் பார்க்கலாம். வியர்வை உள்ள தோலில் அது பிடித்துப் பிடித்துப் போகும், நரம்பில்லாத தோல் வியர்க்காது, அதனால் வழுக்கிக்கொண்டு போகும்.

மூன்று சைகை

பலத்துக்கு 0 முதல் 5 வரை மதிப்பெண். பிரிட்டனின் மெடிக்கல் ரிசர்ச் கவுன்சில் 1943இல், போரில் நரம்பு அறுந்த சிப்பாய்களுக்காக வகுத்த அளவு இன்றும் அப்படியே இருக்கிறது. அசைவே இல்லை 0, தசை துடிப்பது மட்டும் தெரிகிறது 1, கையின் சொந்த எடையைத் தாங்காமல் கிடைமட்டமாக மட்டும் அசைகிறது 2, அந்த எடையை எதிர்த்துத் தூக்குகிறது 3, நாம் எதிர்த்தாலும் ஓரளவு தாங்குகிறது 4, முழு பலம் 5. வலியால் விட்டுவிடுவது வேறு, பலமில்லாமல் விட்டுவிடுவது வேறு. வலியால் என்றால் முதலில் பிடித்துவிட்டு டக்கென்று விடுவார்கள். அதை 4 என்று எழுதிவிடாதீர்கள்.

அவசரத்தில் மூன்று சைகை. கட்டைவிரலைத் தூக்கி "சூப்பர்" காட்டச் சொல்லுங்கள், அது ரேடியல். கட்டைவிரல் நுனியும் ஆள்காட்டி நுனியும் சேர்த்து வட்டம் போடச் சொல்லுங்கள், அது மீடியன். அந்த வட்டம் உருண்டையாக இல்லாமல் இரண்டு விரலும் தட்டையாக ஒட்டிக்கொண்டால் முன்கையில் பிரியும் மீடியனின் கிளை ஒன்று அடிபட்டிருக்கிறது. அந்தக் கிளைக்குத் தோலில் வேலையில்லை என்பதால் மரத்துப்போவதே இருக்காது. விரல்களை விரித்து, ஆள்காட்டிமேல் நடுவிரலைப் பின்னச் சொல்லுங்கள், அது அல்நார். முழங்கை உடைந்த குழந்தைகளிடமும் இதை விளையாட்டாகச் செய்துவிடலாம்.

மணிக்கட்டா, கழுத்தா?

கட்டைவிரல் பக்கம் மரக்கிறது என்று வந்தால் சண்டை இந்த இரண்டுக்கும்தான். கார்ப்பல் டனலும் சி6 வேரும் ஒரே விரல்களைப் பிடிக்கும், அதனால்தான் இத்தனை பேர் கழுத்துப் பட்டையோடு அலைகிறார்கள்.

உள்ளங்கை மேலே பார்க்கக் கையை மேசையில் வைத்து, கட்டைவிரலைக் கூரையைப் பார்த்து நேராகத் தூக்கச் சொல்லி, நீங்கள் கீழே அழுத்துங்கள். அந்தத் தசை மணிக்கட்டைத் தாண்டிய மீடியனின் சொந்தத் தசை. சி6 வேருக்கு அதில் பங்கில்லை. அது பலமிழந்து, முழங்கையை மடக்கும் பைசெப்ஸ் தசையும் தட்டினால் துள்ளும் அதன் ரிஃப்ளெக்ஸும் நன்றாக இருந்தால் மணிக்கட்டு. தலைகீழாக, பைசெப்ஸ் பலம் குறைந்து, அதன் ரிஃப்ளெக்ஸும் மங்கி, முன்கையின் கட்டைவிரல் பக்கம் முழுக்க மரப்பு ஏறியிருந்தால் கழுத்து. இன்னொன்றும் உண்டு. உள்ளங்கையில் கட்டைவிரலின் அடிமேட்டுக்கு உணர்ச்சி தரும் கிளை, டனலுக்குள், அதாவது மணிக்கட்டில் மீடியன் நுழைந்து போகும் குறுகிய சுரங்கத்துக்குள், நுழையாமல் மேலாகவே போய்விடுகிறது. அதனால் கார்ப்பல் டனலில் விரல்கள் மரத்தாலும் அந்த மேடு தப்பிக்கும். மேடும் மரத்திருந்தால் மணிக்கட்டுக்கு மேலே தேடுங்கள்.

தூண்டிப் பார்க்கும் சோதனைகளைப் பற்றி எனக்குக் கொஞ்சம் சலிப்பு உண்டு, பரீட்சையில் அவற்றைத்தான் கேட்கிறார்கள் என்பதால் பிள்ளைகள் அங்கேயே ஆரம்பிக்கிறார்கள். ஃபாலன் சோதனையில் இரண்டு மணிக்கட்டையும் தொங்கவிட்டு மடக்கி 60 விநாடி. டர்கன் சோதனையில் மணிக்கட்டின் உள்பக்கம், உள்ளங்கை தொடங்கும் இடத்தில் கட்டைவிரலால் 30 விநாடி அழுத்தம். டினெல் சோதனையில் அதே இடத்தில் விரலால் தட்டல். மூன்றிலும் கேட்க வேண்டிய கேள்வி "வலிக்குதா?" என்பது இல்லை. யார் மணிக்கட்டை அழுத்தினாலும் வலிக்கத்தான் செய்யும். ராத்திரி வருகிற அதே மதமதப்பு அதே விரல்களில் வருகிறதா என்பதுதான் கேள்வி. ஃபாலன் கார்ப்பல் டனல் உள்ளவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பேரிடம்தான் காட்டும், டினெல் பாதிப் பேரிடம். அதனால் தட்டிப் பார்த்தேன், ஒன்றும் வரவில்லை, ஆகவே இல்லை என்று எழுதாதீர்கள்.

கழுத்துக்கு ஸ்பர்லிங் சோதனை. தலையை வலிக்கிற பக்கம் சாய்த்து, கொஞ்சம் பின்னுக்குத் தள்ளி, உச்சந்தலையில் மெதுவாக அழுத்தினால் கைக்குள் வலி இறங்க வேண்டும். கழுத்தில் மட்டும் வலித்தால் அது கணக்கில்லை. வலி இறங்கினால் வேர்தான் என்று ஓரளவு தைரியமாகச் சொல்லலாம், இறங்காவிட்டால் எதுவும் சொல்ல முடியாது. வேர் இல்லை என்று தள்ள வேண்டுமானால் கையைப் பக்கவாட்டில் நீட்டி, மணிக்கட்டைப் பின்னால் வளைத்து, முழங்கையை மெல்ல நீட்டி நரம்பை இழுத்துப் பார்க்கும் சோதனை மேல், அது ஒன்றும் வராமல் போனால் கழுத்து வேரை ஏறக்குறைய மறந்துவிடலாம். விபத்தில் அடிபட்டவர், மூட்டுவாதத்தால் கழுத்து மூட்டு தளர்ந்தவர் தலையை அழுத்தவே கூடாது.

முழங்கைக்கு வரும்போது

சுண்டுவிரல் பக்கம் மரத்தால் மூன்று இடங்கள் சந்தேகம்: மணிக்கட்டு, முழங்கை, கழுத்து. கையைத் திருப்பி, புறங்கையில் சுண்டுவிரல் பக்கத்தைத் தொடுங்கள். அதற்குப் போகும் கிளை மணிக்கட்டுக்குச் சில சென்டிமீட்டர் மேலேயே பிரிந்துவிடுகிறது. அங்கேயும் மரப்பு இருந்தால் முழங்கை, அங்கே நன்றாக இருந்து உள்ளங்கைப் பக்கம் மட்டும் மரத்தால் மணிக்கட்டு. மரப்பு மணிக்கட்டு ரேகையைத் தாண்டி முன்கையின் உள்பக்கம் ஏறியிருந்தால் அது அல்நார் இல்லவே இல்லை, அந்தத் தோலுக்கு வேறு நரம்பு. சி8, டி1 பக்கம் போங்கள்.

பலத்துக்கு ஃப்ரோமான் சோதனை. முதல் உலகப் போரில் அடிபட்டு வந்த சிப்பாய்களைப் பார்த்து பிரெஞ்சு டாக்டர் ஒருவர் எழுதியது, டினெல் தன் தட்டல் சோதனையைப் பற்றி எழுதிய அதே 1915இல். இரண்டு கையிலும் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டியின் பக்கவாட்டுக்கும் நடுவில் ஒரு காகிதத்தைப் பிடிக்கச் சொல்லி, நீங்கள் இழுங்கள். நல்ல கை கட்டைவிரலை நேராக வைத்தே பிடிக்கும். அல்நார் செத்த கை, மீடியனிடம் கடன் வாங்கி, கட்டைவிரல் நுனியை மடக்கி ஏமாற்றும். பஸ் டிக்கெட் போதும் இதற்கு. அப்புறம் முழங்கையை முழுக்க மடக்கி, மணிக்கட்டைப் பின்னால் வளைத்து ஒரு நிமிடம் வைத்திருங்கள், மதமதப்பு வருகிறதா என்று பாருங்கள்.

முழங்கையின் உள்பக்கப் பள்ளத்தில் விரலை வைத்து அல்நார் நரம்பை உருட்டிப் பார்ப்பதை இப்போது யாரும் செய்வதில்லை. தமிழ்நாட்டில் பயிற்சி எடுத்தவர்கள் அதை மறப்பது எனக்கு வருத்தம்தான். தொழுநோயில் இந்த நரம்பு கயிறு மாதிரி தடித்துப்போகும், முழங்கைக்குச் சற்று மேலேதான் நன்றாகத் தெரியும். 1946இல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்த பால் பிராண்ட், தொழுநோயில் மடங்கிப்போன கைகளுக்குத் தசைநாண்களை இடம் மாற்றி அறுவைசிகிச்சை செய்தார். விரல்கள் தாமாக அழுகி விழுவதில்லை, வலி தெரியாததால் சூட்டிலும் காயத்திலும் கொஞ்சம் கொஞ்சமாக அழிகின்றன என்று எடுத்துச் சொன்னவரும் அவர்தான். 2005இல் தேசிய அளவில் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து தொழுநோய் நீங்கிவிட்டதாக இந்தியா அறிவித்தது. ஆனால் உலகில் புதிதாகக் கண்டுபிடிக்கப்படுகிற நோயாளிகளில் பாதிக்கு மேல் இன்றும் இங்கேதான்.

நோயாளியின் கையை உங்கள் ஒரு கையில் தாங்கிக்கொண்டு, முழங்கையைப் பாதி மடக்கி, பள்ளத்தில் இரண்டு விரல் வைத்து, அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே மெல்ல உருட்டுங்கள். இரண்டு பக்கமும் ஒப்பிடுங்கள். தடித்திருந்தால், உடம்பில் எங்காவது நிறம் மங்கிய, மரத்த படை இருக்கிறதா என்று தேடுங்கள். மருந்து ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இலவசம்.

தொங்கிய மணிக்கட்டு

"காலையில எந்திரிச்சேன், கை தொங்கிப்போச்சு" என்று பயந்துபோய் வருவார்கள், பெரும்பாலும் ஒரு கல்யாண வீட்டுக்கோ தீபாவளிக்கோ மறுநாள். போதையில் நாற்காலியின் சாய்மானத்தில் கையைத் தொங்கவிட்டுத் தூங்கியிருப்பார், மேற்கை எலும்பை ஒட்டி வளைந்து போகும் ரேடியல் நரம்பு நசுங்கியிருக்கும். முழங்கையை நீட்டும் தசை அநேகமாகத் தப்பியிருக்கும், அதற்கான கிளை அதற்கு மேலேயே பிரிந்துவிடுவதால். அக்குளில் நசுங்கினால், ஊன்றுகோல் தப்பாக வைத்தவர்களுக்கு வருவது போல, அதுவும் போய்விடும்.

சி7 வேரிலிருந்து இதைப் பிரிக்க ஒரு தசை போதும். கை குலுக்குவது போல கட்டைவிரல் மேலே பார்க்க, முழங்கையை எதிர்ப்புக்கு எதிராக மடக்கச் சொல்லுங்கள். முன்கையில் ஒரு தசை முறுக்கிக்கொண்டு எழுந்தால் ரேடியல் உயிரோடு இருக்கிறது, கழுத்தைப் பாருங்கள். எழாவிட்டால் ரேடியல். விரல்கள் மட்டும் தூக்க முடியாமல், மணிக்கட்டு கட்டைவிரல் பக்கம் கோணிக்கொண்டு தூக்கி, மரப்பே இல்லாமல் இருந்தால் முழங்கைக்குக் கீழே அதன் உள்கிளை.

இங்கே எல்லோரும் ஒருமுறையாவது ஏமாறுவார்கள், நானும் ஏமாந்திருக்கிறேன். மணிக்கட்டு தொங்கினால் விரல்களை விரிக்கவும் முடியாது, உடனே அல்நாரும் போய்விட்டது என்று எழுதிவிடுவோம். உள்ளங்கையை மேசையில் தட்டையாக வைத்து விரிக்கச் சொல்லிப் பாருங்கள், அழகாக விரியும்.

ஒரு விஷயம் மட்டும் கவனம். திடீரென்று கை தொங்கியவருக்கு முகம் கோணியிருந்தால், பேச்சு குழறினால், அதே பக்கக் கால் தடுமாறினால் மேலே சொன்ன எதையும் செய்யாதீர்கள். 108. பக்கவாதத்தில் ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசிக்குக் கிடைக்கிற நேரம் நாலரை மணிதான். அதேபோல எலும்பு உடைந்து இறுக்கிக் கட்டுப்போட்டவர், கட்டுக்குள் தாங்க முடியாத வலி என்று துடித்து, நீங்கள் விரலை லேசாக நீட்டினாலே அலறினால், கட்டை அவிழ்த்துவிட்டு உடனே அறுவைசிகிச்சை வசதி உள்ள இடத்துக்கு அனுப்புங்கள். தசை சில மணி நேரத்தில் செத்துவிடும். நாடித் துடிப்பு இருக்கிறதே என்று நம்பி உட்காரக் கூடாது, அது கடைசி வரை இருக்கும்.

தண்டுவடத்தை மறக்காதீர்கள்

சட்டை பட்டன் போட வரவில்லை, பொட்டு ஒட்ட வரவில்லை, சாதம் பிசைய வரவில்லை, இரண்டு கையும் மந்தம், நடையும் கொஞ்சம் தள்ளாடுகிறது என்று ஒருவர் சொன்னால் அவரைக் கார்ப்பல் டனல் என்று அனுப்பிவிடாதீர்கள். கழுத்தில் தண்டுவடமே நசுங்கியிருக்கலாம். 10 விநாடியில் எத்தனை முறை கையை முழுக்க மூடித் திறக்க முடிகிறது என்று எண்ணுங்கள், நல்ல கை 20 முறை செய்யும். நடுவிரல் நகத்தைச் சுண்டிவிடுங்கள், கட்டைவிரல் தானாக மடங்கினால் ஹாஃப்மன் அறிகுறி, முழங்கால் ரிஃப்ளெக்ஸும் துள்ளினால் சந்தேகம் வலுக்கிறது. ஒரு நேர்கோட்டில் அடிமேல் அடி வைத்து நடக்கச் சொல்லுங்கள். இவருக்கு எம்.ஆர்.ஐ. தாமதமில்லாமல் வேண்டும். கழுத்தைச் சொடுக்கெடுக்கிறவர்களிடம் போகவே கூடாது என்றும் சொல்லி அனுப்புங்கள்.

ரிஃப்ளெக்ஸ் வரவில்லை என்றால் உடனே "இல்லை" என்று எழுதாமல், பல்லை இறுகக் கடிக்கச் சொல்லிவிட்டு மறுபடி தட்டிப் பாருங்கள். சுத்தியலை மணிக்கட்டிலிருந்து தளர்வாக வீச வேண்டும், ஆணி அடிக்கிற மாதிரி அடிக்கக் கூடாது.

எழுதி வையுங்கள்

"வலது கை பலவீனம், நரம்புப் பிரச்சினை" என்று எழுதினால் அடுத்து பார்ப்பவருக்கு ஒன்றும் புரியாது. "வலது, ஆள்காட்டி நுனி உணர்ச்சி குறைவு, அடிமேடு நன்று, மோதிரவிரல் பிளவு உண்டு, கட்டைவிரல் தூக்கல் 4, பைசெப்ஸ் 5, ரிஃப்ளெக்ஸ் சமம், டர்கன் 15 விநாடியில் அதே மதமதப்பு" என்று எழுதினால் கார்ப்பல் டனல் என்ற பெயரே தேவையில்லை, படிக்கிறவருக்கே தெரியும். பேனாக் கோடு போட்ட கையை அவர் போனிலேயே படம் எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.

நரம்புக் கடத்தல் சோதனைக்கு அனுப்பும்போது தேதியைப் பாருங்கள். வெட்டுப்பட்டு நாலு நாளில் ஊசி வைத்துத் தசையைப் பார்த்தால் பெரிதாக ஒன்றும் தெரியாது, தசையில் மாற்றம் வர இரண்டு மூன்று வாரம் ஆகும். நரம்பு மறுபடி வளர்ந்தால் நாளுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர். மணிக்கட்டுப் பக்கமிருந்து காயத்தை நோக்கித் தட்டிக்கொண்டே வாருங்கள், எந்த இடத்தில் முதலில் விரலுக்குக் கரண்ட் ஓடுகிறதோ, அங்கே பேனாவால் புள்ளி வைத்து, முழங்கை மடிப்பிலிருந்து எத்தனை சென்டிமீட்டர் என்று டேப்பால் அளந்து தேதியோடு எழுதுங்கள். ஒரு மாதம் கழித்து அந்தப் புள்ளி விரல் பக்கமாக மூன்று சென்டிமீட்டர் நகர்ந்திருந்தால் காத்திருக்கலாம். மூன்று மாதமாக அதே இடத்திலேயே நின்றால் அந்த நோட்டுப் புத்தகத்தையும் கொடுத்து நரம்பு அறுவைசிகிச்சை செய்கிறவரிடம் அனுப்பிவிடுங்கள்.